காத்திரு என்றொரு வரி

மறுபடியும் நின்றுவிட்டது. முழுசாக மூன்று நிமிடம்கூட ஓடவில்லை. தமயந்தி சாப்பாட்டு டப்பாவை மூடக்கூட மறந்து மேஜையில் கிடந்த புது பம்பின் சர்க்யூட் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு எரிகிறது, திரையில் ‘ஓடுகிறது’ என்று எழுத்து மின்னுகிறது, ஆனால் ஊசிக்குழலைத் தள்ள வேண்டிய மோட்டார் கல்லாகச் சமைந்து நிற்கிறது, எவர்சில்வர் டம்ளரில் சொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டவில்லை. நிற்கிற மெஷின் நின்றுவிட்டேன் என்று கத்தித் தொலைத்தால் பயமில்லை, யாராவது ஓடி வருவார்கள். இது ஓடுகிறேன் ஓடுகிறேன் என்று சாதித்துக்கொண்டே நிற்கிறது. இதே மாதிரிதான் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில், ரத்த அழுத்தம் விழாமல் பிடித்து நிறுத்துகிற மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த பம்ப் ஒன்று, நாற்பது நிமிடம், திரையில் ஓடுகிறது ஓடுகிறது என்று… வேண்டாம். சாப்பிட்ட உடனே அதை நினைக்க வேண்டாம். அது வேறு சிப், இது வேறு சிப். அது நின்றதற்குக் காரணமே இல்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். காரணம் கண்டறிய இயலவில்லை என்று எழுதினார்கள், காரணமே இல்லை என்று எழுதவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று பக்கத்து மேஜை இருதயராஜ் அன்றைக்கே சொன்னார். சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமல் இப்போதுகூட முதுகுக்குப் பின்னால் கேட்டது, திரும்பிப் பார்த்தாள், ஏசி தண்ணீர் குழாயில் இறங்குகிற சத்தம். மணி இரண்டே முக்கால். நாலு மணிக்கு புது பம்பைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

பீளமேட்டில் ஒரு பழைய மோட்டார் பட்டறையை இடித்துக் கட்டிய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் அவர்கள் கம்பெனி. பம்புக்குள் ஒரு சிப், சிப்புக்குள் ‘எறும்பு’. எறும்பு இருதயராஜ் வைத்த பெயர். பதினோராயிரம் வரியில் ஒரு குட்டிக் கெர்னல், சிப்பை நடத்துகிற அடிப்படைப் புரோகிராம். கட்டிட வேலையில் மேஸ்திரி போல, உள்ளே யார் எப்போது வேலை செய்ய வேண்டும், யார் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற ஆள். முதல் சிப்புக்கு அவர் தனியாக எழுதினார். அந்தச் சிப் பழசானதும் இரண்டாவது சிப்புக்கு அவரும் இவளுமாக மாற்றினார்கள். இப்போது இரண்டாவது சிப்பையும் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார்கள், மூன்றாவதுக்கு இவள் ஒருத்தியாக மாற்றிக்கொண்டிருக்கிறாள். வீடு மாற்றுகிற வேலைதான். சாமானெல்லாம் அதே சாமான், ஆனால் பீரோவை நகர்த்தும்போதுதான் அதன் பின்னால் இத்தனை நாள் என்ன கிடந்தது என்று தெரியும். என்ன கிடக்கிறது? காலையிலிருந்து அதைத்தான் துழாவுகிறாள், பன்னிரண்டு மணிக்குப் பிடித்தும்விட்டாள். நர்ஸ் பொத்தானில் மணிக்கு ஐந்து மில்லி என்று அழுத்துகிறாள். கெர்னல் அந்த ஐந்தை ஒரு பெட்டியில் போட வேண்டும், பிறகு ஒரு கொடியைத் தூக்க வேண்டும். கொடியைப் பார்த்ததும் மோட்டாரை ஓட்டுகிறவன் பெட்டியைத் திறந்து எண்ணை எடுத்துக்கொள்வான். முதல் சிப் பரம சாது, சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்யும். புது சிப் அவசரக்குடுக்கை, எந்த வேலை கைக்கு முதலில் எட்டுகிறதோ அதை முடித்துவிடும். கொடி ஏறிவிடுகிறது, ஐந்து இன்னும் வந்து சேரவில்லை, பெட்டியில் பழைய பூஜ்யம். மோட்டார்காரன் அந்தப் பூஜ்யத்தை எடுத்துக்கொண்டு உத்தரவு கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக நிற்கிறான். சோதனையில் நிறுத்தி நிறுத்தி ஐந்தைப் போட்டுக்கொண்டே இருப்பதால், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இந்தக் கூத்து நடக்கிறது. சரி, புது சிப்பின் குணம் இது, இரண்டாவது சிப் எப்படி? அதுவும் கொஞ்சம் அவசரக்காரன்தானே? இவ்வளவு இல்லை. ஆனால் லட்சத்தில் ஒரு முறை, பத்து லட்சத்தில் ஒரு முறை? இருதயராஜ் அப்படிக் கோட்டைவிடுகிற ஆள் கிடையாதே என்று பழைய பதிப்புகளைத் திறந்தாள், திறக்காமல் இருந்திருக்கலாம், திறந்துவிட்டாள்.

முதல் சிப்பின் பதிப்பில் அந்த வரி இருந்தது. பெட்டிக்கும் கொடிக்கும் நடுவில் ஒரே ஒரு வரி: போட்டதெல்லாம் போய்ச் சேரும்வரை காத்திரு. அந்த சாதுச் சிப்புக்கு இந்த வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனாலும் எழுதியிருக்கிறார். இன்னும் பிறக்காத சிப்புக்காக எழுதியிருக்கிறார். இரண்டாவது பதிப்பிலும் ஆரம்பத்தில் இருந்தது. அப்புறம் இல்லை. கோப்பின் சரித்திரத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் தேதியும் பெயரும் நிற்கும். ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூலை மாதம், மாலை மூன்றரை. பெயர், இருதயராஜ். அவரா? அவரே எழுதி அவரே எடுத்தாரா? வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு நிமிடம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகுதான் மாற்றத்துக்கான குறிப்பைப் படித்தாள். தேவையில்லாத காத்திருப்பு நீக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, கடைசியில் இரண்டு புள்ளி. இருதயராஜ் புள்ளியே வைக்கமாட்டார். இரண்டு புள்ளி வைத்து வாக்கியத்தை முடிக்கிற கெட்ட பழக்கம் இந்த ஆபீசில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் மகள்கூடக் கேலி செய்வாள், அம்மா உன் மெசேஜைப் பார்த்தாலே எழுதறப்பவே செத்துப்போன மாதிரி இருக்கு. அந்த இரண்டு புள்ளியும் இப்போது திரையிலிருந்து இரண்டு கண் மாதிரி அவளைப் பார்த்தன. அன்றைக்கு இருதயராஜ் கடைவாய்ப்பல் பிடுங்கப் போனார், கன்னம் வீங்கியிருந்தது, கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டே ‘உக்காந்து முடிச்சிருங்க தமயந்தி, திறந்துதான் வச்சிருக்கேன்’ என்றார். அன்றைக்குப் புதுசான இரண்டாவது சிப்பின் போர்டு ஒன்றே ஒன்று, அது அவர் கம்ப்யூட்டரோடு கட்டிக்கிடந்தது, வேலை செய்ய வேண்டுமென்றால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் பெயரிலேயே செய்தாக வேண்டும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்வருவதில்லையா, அந்த மாதிரி. பொத்தானை அழுத்தினால் திரை சட்டென்று மாறவில்லை என்று அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் பாட்டு. எங்கே நேரம் போகிறது என்று அளந்து பார்த்தாள், இந்த ஒரு வரியில் போனது. சிப்பின் கையேட்டைப் பார்த்தாள், பார்க்காமல் செய்யவில்லை, நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், எழுதியவை எழுதிய வரிசையிலேயே போய்ச் சேரும் என்று அச்சில் இருந்தது. அதன் தலையில் ஒரு குட்டி நட்சத்திரம். நட்சத்திரத்துக்கான விளக்கம் மறுபக்கத்தில் இருந்திருக்கிறது. பக்கத்தைப் புரட்டவில்லை. வரியை எடுத்தாள், திரை சட்டென்று மாறியது, எல்லோரும் சபாஷ் என்றார்கள், மாலையில் பஜ்ஜி வாங்கி வந்தார்கள். மறுநாள் அவரிடம் சொன்னாளா? வாய் வீங்கி நாலு நாள் அவர் வரவில்லை. நாலு நாளில் வேறு நாற்பது வேலை வந்துவிட்டது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே பிடித்திருப்பார், கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிச் சிரித்திருப்பார், அத்தோடு முடிந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் அந்த நாற்பது நிமிடம். நோயாளி, பெண், வயது முப்பத்து நான்கு, இறந்துவிட்டார். அறிக்கையில் அவ்வளவுதான் இருந்தது. பம்பைக் கொண்டுவந்து பத்து நாள் ஓட்டினார்கள், நிற்கவே இல்லை. மற்றவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள், இருதயராஜுக்கு மட்டும் போகத் தெரியவில்லை. எட்டு மாதம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதினோராயிரம் வரியையும் அச்செடுத்து வைத்துத் தேடினார். சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக். அந்த இடத்துக்கும் ஒரு டிக் போட்டிருக்கிறார், அவள் பார்த்திருக்கிறாள், பெட்டிக்கும் கொடிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், இவ்வளவு சுத்தமாக ஒரு டிக். அங்கே அந்த வரி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அவர் எழுதிய வரி அல்லவா, அதனால் இல்லாததை இருப்பதாகவே படித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறார். வேறு யாராவது எழுதிய கெர்னலாக இருந்திருந்தால் அரை மணியில் கண்டுபிடித்திருப்பார். கடைசியில் ஒரு நாள் அந்தக் காகிதக் கட்டை இவள் மேஜையில் வைத்து, ‘என் கண்ணுக்குத் தெரியலங்க. உங்க கண்ணாலயாச்சும் பாருங்க’ என்றார். பன்னிரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை, கடைசிவரை அவளை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டார். பார்த்தாள். அந்தப் பக்கத்தைப் பார்த்தாளா? பார்த்தாள், அந்த டிக்கைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதே. பார்த்தபோது என்ன நினைத்தாள்? இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. மத்தியானத்திலிருந்து இந்த இடத்துக்கு வந்து வந்து மாட்டிக்கொள்கிறது. ஒரு ஞாபகத்தில் அவள் ஒன்றும் நினைக்காமல் பக்கத்தைத் தள்ளிவிடுகிறாள், வரியை எடுத்ததே சுத்தமாக மறந்துவிட்டது, ஆயிரம் வரி எடுத்திருப்பாள், ஆயிரம் வரி போட்டிருப்பாள், யார் கண்டது. இன்னொரு ஞாபகத்தில் விரல் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கிறது, நெஞ்சுக்குள் ஏதோ லேசாக நெருடுகிறது, அந்த நெருடல் என்னவென்று கேட்பதற்குள் அவளே அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள். எது நடந்தது? இரண்டாவது நடந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? இல்லை, இன்றைக்குக் கண்டுபிடித்த குற்றத்தை அன்றைக்கு ஏற்றிப் பார்க்கிறாளா? கேட்டால் சொல்வதற்கு ஒருவர் இருந்தார். அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை குளியலறையில் விழுந்தார், வயது நாற்பத்தேழு. அவர் மனைவி பிலோமினா கல்லறைத் தோட்டத்தில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘எங்கயோ நான்தான் விட்டுட்டேன், எங்கன்னு தெரியலன்னே சொல்லிட்டிருந்தாருங்க’ என்றார். அதற்கு இவள் அழுதாள். நண்பர் போன துக்கத்தில் அழுவதாக எல்லோரும் நினைத்தார்கள், அவளும்தான் நினைத்தாள்.

“என்னாச்சுங் மேடம், ஓடுதுங்களா?”

சென்னியப்பன். கம்பெனியை நடத்துகிறவர், நல்ல மனிதர், கெட்ட சேதியைக் கேட்டால் மட்டும் காது மந்தமாகிவிடும். அவர் குரல் கேட்டதும் தமயந்தியின் விரல்கள் தாமாகவே அந்த வரியைப் புது பதிப்பில் சேர்த்து, போர்டை மறுபடி ஓடவிட்டன. டம்ளரில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ ஆரம்பித்தது. அவரும் நின்று பார்த்தார், மூன்று நிமிடம் தாண்டியது, ஐந்து தாண்டியது. எவ்வளவு சுலபம்.

“ஓடுதுங்க சார். காரணம் கிடைச்சிருச்சு.”

“அப்பறம் என்னங், சரியாப் போச்சு. நாலு மணிக்குக் காட்டிரலாம்.”

“சார், அந்தப் பழைய கேஸும் இதேதான். பழைய பம்ப்லயும் இந்த ஓட்டை இருக்கு. வெளிய ஆயிரத்து நூறு பம்ப் ஓடிட்டிருக்கு.”

சென்னியப்பன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திரையில் திறந்து கிடந்த சரித்திரத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். பெயர் வந்த இடத்தில் அவர் முகம் இளகியதை அவள் பார்த்தாள்.

“ராஜ் சாருங்களா,” என்றார் மெதுவாக. “பாவம். இதைத் தேடித்தானே அந்த மனுசன் அப்படி ஆனாரு. மேடம், நாலு வருசமா எதுவும் ஆகலைங்க. பழைய பம்பை எல்லாம் சர்வீஸுக்கு வர்றப்ப வர்றப்ப சத்தமில்லாம மாத்திக்கலாம். போனவர் பேரை இழுத்து, அந்தம்மா காதுல விழுந்து… வேணாங்க.”

இவள் வாயைத் திறந்தாள். நான்தான் சார் என்று இரண்டே வார்த்தை. அது வெளியே வருவதற்குள் அவர் இவள் தோள் பக்கம் கையை நீட்டி, தொடாமல், ஆறுதல் சொல்வதுபோல ஆட்டிவிட்டு எழுந்து போனார். துக்கம் விசாரித்துவிட்டுப் போவதுபோலப் போனார்.

இப்படி ஒரு வழி திறக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவளைக் காப்பாற்ற அவர் இதைச் சொல்லவில்லை, இருதயராஜைக் காப்பாற்றச் சொல்கிறார், அதுதான் கொடுமை. வாயை மூடிக்கொண்டிருப்பது இருதயராஜுக்குச் செய்கிற மரியாதை என்று ஆகிவிடுகிறது. எவ்வளவு சௌகரியம். பிலோமினா நிம்மதியாக இருப்பார், இவள் மகள் கல்யாணம் தடையில்லாமல் நடக்கும், நாலு மணிக்கு வருகிறவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். சரித்திரத்தில் அவர் பெயர் இருக்கும், யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. இரண்டு புள்ளி யாருக்குத் தெரியும்? சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். சர்வீஸுக்கு வருஷத்துக்கு எத்தனை வரும், நூறு, நூற்றைம்பது. அப்படியானால் எட்டு வருஷம். எட்டு வருஷத்தில் எத்தனை நர்ஸ், எத்தனை முறை, பத்து லட்சத்தில் ஒன்று என்று இவள் சொல்லிக்கொள்வது எங்கேயோ ஒரு கட்டிலுக்கு ஒன்றில் ஒன்று. டம்ளரில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க, அது நின்றுவிடுமோ என்று காத்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது அவளுக்கு. சொட்டு, சொட்டு. இப்போது, இந்த நிமிடம், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆயிரத்து நூறு இடத்தில் இதே சொட்டு. அங்கே யாரோ பூஜ்யத்திலிருந்து ஐந்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தொண்டைச் செருமல் மறுபடி கேட்டது. ஏசிதான். ஏசி என்று தெரிந்தும் அவள், ‘பார்த்துட்டேன் ராஜ், இருங்க, பார்த்துட்டேன்’ என்று வாய்விட்டே சொன்னாள். சொன்ன பிறகு தன் குரலே தனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்குப் பக்கத்தைப் புரட்டிய விரல் நெருடியதா இல்லையா என்பதற்கு இனி பதில் கிடைக்காது, அது அவளோடு குடியிருக்கப்போகிறது. ஆனால் இன்றைக்குப் புரட்டினால் அது தெரிந்தே புரட்டுவது. அவள் போனை எடுத்தாள். பழைய கேஸ் நடந்த ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற ரபீக்கைக் கூப்பிட்டாள்.

“சொல்லுங்க மேடம், நல்லா இருக்கீங்களா?”

“ரபீக், எங்க பம்ப் இப்ப எத்தனை ஓடுது?”

“ஐசியூல ஆறு. ஏங்க?”

“ஒண்ணொண்ணா வேற கம்பெனி பம்ப்புக்கு மாத்திருங்க. மாத்தற வரைக்கும் யார் டோஸ் மாத்தினாலும் திரையை நம்பவேணாம், ஊசி நகருதான்னு கண்ணால பாக்கச் சொல்லுங்க. நாலு வருசத்துக்கு முன்னால நின்னதே, அதுக்குக் காரணம் கிடைச்சிருச்சு. ஒரு வரியை எடுத்தது தப்பு. எடுத்தது நான். ரெக்கார்டுல இருதயராஜ் பேர் இருக்கும், அவர் இல்ல. நான்.”

கதவுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள். சென்னியப்பன் கையில் தண்ணீர் பாட்டிலோடு கதவருகே நின்றிருந்தார், வரப்போகிறவர்களுக்கு எடுத்து வைக்க வந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் இருந்தது கோபமா, பயமா, தெரியவில்லை. பாட்டிலை மேஜையில் வைத்தார். “மத்த ஆஸ்பத்திரி லிஸ்ட் என்கிட்ட இருக்குதுங்,” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். போகிற வழியில் நாலு மணிக்காரர்களை வரவேண்டாம் என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

“மேடம்,” என்றான் ரபீக், “கோகிலவாணி அவங்க பேரு.”

நாலு வருஷத்தில் அவள் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நோயாளி, பெண், முப்பத்து நான்கு.

“அவங்க வீட்டுக்காரர் சோமனூர்ல தறி ஓட்டறவரு. மாசம் ஒருக்கா இன்னும் வர்றாருங்க. சண்டையெல்லாம் போடமாட்டாரு. தறி நின்னா எதுக்கு நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும், இது எதுக்கு நின்னுச்சுன்னு மட்டும் சொல்லுங்கம்பாரு. நானும் தெரியலைங்கண்ணான்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்து அனுப்புவேன். அடுத்த தடவை வந்தா என்ன சொல்லட்டும்?”

“அவர் நம்பர் குடுங்க,” என்றாள்.

எழுதிக்கொண்டாள். பேனா காகிதத்தைக் கிழித்தது. முதலில் பிலோமினாவைக் கூப்பிட வேண்டாமா என்று ஒரு நினைப்பு ஓடியது, அது தள்ளிப்போடுவதற்கான நினைப்பு என்றும் தெரிந்தது. பிலோமினாவை நேரில்தான் பார்க்க வேண்டும், காலில் விழ வேண்டும் என்றாலும் நேரில். இப்போது இந்த எண். மணி அடித்தது. எடுத்தார்கள். உள்ளேயிருந்து தறிச் சத்தம் காதைக் கிழித்துக்கொண்டு வந்தது, அதற்கு மேல் ஒரு ஆணின் குரல் கத்தியது.

“யாருங்க? சத்தமாப் பேசுங்க!”

“கோகிலவாணியோட வீட்டுக்காரருங்களா? அந்த மருந்து மெஷின் செஞ்ச கம்பெனியிலேர்ந்து பேசறேங்க. அது எதுக்கு நின்னுச்சுன்னு சொல்லக் கூப்பிட்டேன்.”

ஒரு தறி நின்றது. இன்னொன்று நின்றது. மூன்றாவது, நாலாவது. கடைசித் தறியும் அடங்கியபிறகு அவர் மூச்சுவிடுவதுகூட இந்தப் பக்கம் கேட்டது.

“சொல்லுங்க,” என்றார்.

தமயந்தி சொல்ல ஆரம்பித்தாள்.